பென்ஷன் வதந்திக்கு நாடாளுமன்றச் செயலியில் பதில் தேடிய கதை

அப்பா வாங்குவது இபிஎஸ் 95 பென்ஷன், அதாவது பி.எஃப். பிடித்த நிறுவன ஊழியர்களுக்கான 1995ஆம் ஆண்டுத் திட்டம். அதில் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள், நான் தேடிய நாள் வரை அது அப்படியேதான் இருந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் மட்டும் அடிக்கடி 7,500 ஆகிவிடும், அவரும் ஆசையாக வந்து கேட்பார். சரி, அரசு என்னதான் சொல்லியிருக்கிறது என்று நேரடியாகவே பார்த்துவிடலாம் என்று நாடாளுமன்றத்தின் டிஜிட்டல் சன்சத் செயலியை இறக்கினேன்.

எல்லோரும் முதலில் போவது நேரலைக்குத்தான். அதை விடுங்கள். சரக்கு இருப்பது கேள்வி-பதில் பகுதியில். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், அதாவது அவையில் வாய்மொழியாகப் பதில் கேட்பவை, 20தான், அதிலும் சிலவற்றுக்கே அமைச்சர் எழுந்து பதில் சொல்ல நேரம் கிடைக்கும். குறியிடாத கேள்விகளோ 230 வரை, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்துவிடும். நம்மைப் போன்றவர்களின் பிரச்சினைகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன.

தேடும்போது அமைச்சகத்தைச் சரியாகப் பிடிப்பதுதான் முக்கியம். பென்ஷன் என்று மட்டும் போட்டால் ரயில்வே, ராணுவம், மத்திய அரசு ஊழியர் எல்லாம் கலந்து கொட்டும். இபிஎஸ் வருவது தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் கீழ். அதைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலத்தில் திட்டத்தின் பெயரைக் கொடுத்தபின் கோப்புகள் வரிசையாக வந்தன.

பதிலைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். உறுப்பினர் ஏ, பி, சி, டி என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார், பதிலோ "ஏ முதல் டி வரை" என்று ஒரே மூட்டையாக இருக்கும். நிறுவனத்தின் பங்கு சம்பளத்தில் 8.33 சதவீதம், மத்திய அரசின் பங்கு 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும் 1.16 சதவீதம், பிறகு நிதியின் ஆண்டு மதிப்பீடு, கடைசியில் 1,000 ரூபாய்க்கு அரசு தனியாகப் பணம் தருகிறது என்ற விளக்கம். வெவ்வேறு கூட்டத்தொடர்களின் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே பத்தி கிட்டத்தட்ட அச்சு மாறாமல் வருகிறது. அதனால்தான் புதிதாக ஒரு வரி நுழைந்தாலும் உடனே கண்ணில் படும். தொகையை உயர்த்தியதாக நான் படித்த எதிலும் இல்லை. அந்தக் கோப்பையே அப்பாவின் குழுவில் போட்டேன்.

இன்னொன்று, "தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அது அரசு அவைக்குத் தந்த உறுதிமொழிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், பின்தொடர அரசு உறுதிமொழிகள் குழு என்றே ஒரு குழு இருக்கிறது. அப்புறம், நம் எம்.பி. தமிழில் பேசியது மக்களவை விவாதப் பதிவில் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும், அவர் சொன்ன சொல்லே வேண்டுமென்றால் வீடியோவுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த வேலை எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுவது. கேள்விக்கு முழுதாக 15 நாளாவது முன்னறிவிப்பு தர வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே கடிதம் போய்ச் சேர வேண்டும். பழைய பதில்களின் கேள்வி எண்களையும் தேதிகளையும் குறித்து வைத்திருக்கிறேன், கடிதத்தோடு இணைக்க.