பௌதிக ஆய்வுகூடத்தில் ஒரு வருடம்: 2025

ஜனவரி 27, திங்கள்

பாடசாலை இன்று தொடங்கியது. காலைக் கூட்டம் முடிந்த கையோடு நேரசூசி போடுகிற சேரிடம் போனேன், மற்றப் பகுதித் தலைவர்கள் பிடிக்க முதல் அவரைப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 40 நிமிடப்படி எட்டுப் பாடவேளை. உயர்தரப் (12, 13ஆம் தரம்) பௌதிகவியலுக்கு வாரத்தில் ஒரு தடவையாவது இரண்டு பாடவேளை சேர்ந்து வேண்டும் என்று கேட்டேன், அதுவும் தமிழ் மொழிமூலத்துக்கு ஒரு நாள், சிங்கள மொழிமூலத்துக்கு இன்னொரு நாள், ஏனென்றால் எங்களுக்கு இருக்கிற ஆய்வுகூடம் ஒன்றுதான். 40 நிமிடத்தில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டு முடிய மணி அடித்துவிடும். இணைந்த கணித மிஸ் தன்னுடைய வியாழன் பாடவேளை ஒன்றை விட்டுத் தந்தார். பெரிய மனது.

பெப்ரவரி 13, வியாழன்

13ஆம் தரத்துக்கு எளிய ஊசல். போன வருடமே செய்திருக்க வேண்டியது, செய்யவில்லை.

ஐந்து நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் 50 அலைவு, பிறகு நீளத்துக்கு எதிராக அலைவுகாலத்தின் வர்க்கத்தைக் குறித்து வரைபின் சாய்வில் இருந்து ஈர்வை ஆர்முடுகலை, அதாவது புவியீர்ப்பால் வேகம் கூடுகிற வீதத்தை, கண்டுபிடிப்பது. ஆறு குழு. ஐந்து குழுவுக்கு விடை சரியாக 9.81. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. புத்தகத்தில் இருக்கிற பெறுமானத்தை எடுத்துப் பின்பக்கமாகக் கணக்குப் போட்டு வாசிப்புகளை எழுதியிருக்கிறார்கள். நிறுத்தற்கடிகாரத்தையே தொடாத குழுவும் அதில் இருந்தது.

ஆறாவது குழுவில் வெல்லம்பிட்டியில் இருந்து வருகிற பொடியன் ஒருவன் கொப்பியை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றான். "சேர், எங்களுக்குப் பிழைத்துப்போச்சு, 9.62 வருது" என்றான். வாங்கிப் பார்த்தேன். ஒரு மீற்றர் நீளத்துக்கு 50 அலைவு 101.3 செக்கன், அதற்கு மேலே 101.6 என்று எழுதி வெட்டியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை, அந்த வகுப்பிலேயே உண்மையில் அளந்த ஒரே கொப்பி அது.

குண்டை நிறைய இழுத்து விட்டிருக்கிறான், 20 பாகை அளவில். வீச்சம் கூடினால் அலைவுகாலமும் கூடும், அப்போது விடை குறையும். ஐந்து பாகைக்குள் விட்டுத் திரும்பச் செய் என்றேன். 9.75 வந்தது. பிறகு எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: பூமி சுழல்கிறது, மத்தியகோட்டுப் பக்கம் கொஞ்சம் புடைத்தும் இருக்கிறது, நாங்கள் இருப்பது 7 பாகை அகலக்கோட்டில், அதனால் கொழும்பில் இந்தப் பெறுமானம் ஏறத்தாழ 9.78. நீங்கள் களவாக எழுதிய 9.81 இந்த ஊருக்குரியதே இல்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 19, புதன்

சாதாரண தரப் பரீட்சை நடக்கிறது, எனக்கு வேறொரு பாடசாலையில் மேற்பார்வை. நோன்பு காலம். விடிய முதல் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பியபடியே படித்துவிட்டு வந்த முஸ்லிம் பிள்ளைகள் அந்த வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து எழுதினார்கள். ஒன்பது பாடமும் இப்படித்தான் எழுத வேண்டும். ஒரு பிள்ளை கடைசி அரை மணித்தியாலம் மேசையில் தலை வைத்திருந்தான், முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன், வந்து மிச்சத்தை எழுதினான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போன வருட உயர்தர முடிவுகள் நேற்று வந்தன. தொலைபேசி நேற்றிலிருந்து ஓயவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பில் அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி (பாடங்களை ஒப்பிடத் தரப்படுத்திய புள்ளி) எப்போதும் உயரத்தில்தான் நிற்கும், வேறு மாவட்டத்தில் இருந்திருந்தால் பொறியியலுக்குப் போயிருக்கக்கூடிய பொடியன் இங்கே நின்றுவிடுகிறான். அப்படி இருவர் தொலைபேசியில் எடுத்தார்கள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை, இன்னொருதரம் எழுதடா என்றேன்.

கலைப் பிரிவில் எங்களுக்கு ஏழு பேர்தான். அதில் ஐந்து பேருக்கு அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது. இதைப் பற்றி ஆசிரியர் அறையில் யாரும் பேசப்போவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

தமிழ்த் தினப் போட்டிக்கு என் வகுப்பில் இருந்து நான்கு பேரைத் தமிழ்ப் பகுதி எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாடகமாம். செய்முறை நாளில் எடுத்தார்கள் என்று முதலில் கோபம் வந்தது உண்மை. மத்தியானம் மண்டபப் பக்கம் போனபோது, என் வகுப்பில் ஒரு கேள்விக்கும் வாய் திறக்காத பொடியன் மேடையில் ராசாவாக நின்று குரல் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தான். தமிழ் மிஸ்ஸிடம் போய், எத்தனை நாள் வேண்டுமோ வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

38 பேரில் இன்று வந்தது ஒன்பது பேர். மிச்சப் பேர் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் டியூஷன் வகுப்பில் இருப்பார்கள், காலை நேரத்திலேயே வகுப்பு வைக்கிறார்கள். வரவு 80 வீதம் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெற்றார் வைத்தியக் கடிதத்தோடு வருகிறார்கள்.

நான் டியூஷனுக்கு எதிரி இல்லை. நானும் படித்துத்தான் வந்தேன். ஆனால் 300 பேர் இருக்கிற மண்டபத்தில், சிறிய மின்னோட்டத்தைக் காட்டுகிற கல்வனோமானியைத் தொட்டுப் பார்க்க முடியாது. உயர்தரத்தில் செய்முறைப் பரீட்சை இல்லை, அதனால் செய்முறையே தேவையில்லை என்று நினைக்கிறார்கள். இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினா நான்கும் பரிசோதனையைச் சுற்றித்தானே வருகின்றன! ஆய்வுகூடத்தில் நின்று செய்தவனுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரித் தெரியும்.

ஆசிரியர் அறையில் இன்று முழுக்கக் கல்விச் சீர்திருத்தம் பற்றிய கதைதான். வரலாறு கட்டாயப் பாடமாக இருக்குமா இல்லையா என்று வரலாற்று சேர் மிகவும் கவலைப்பட்டார். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "உங்கட ஆய்வுகூடமும் என்ட பாடமும் ஒன்றுதான், புள்ளிக்கு வேண்டாமென்றால் ஒருத்தனும் வரமாட்டான்" என்றார்.

செப்டெம்பர் 13, சனி

சனிக்கிழமைகளில் ஆய்வுகூடத்தைத் திறப்பது என்று போன மாதம் முடிவெடுத்தேன். டியூஷன் முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கினாலும் சரி, இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரை நான் இருப்பேன். முதல் சனி மூன்று பேர். இன்று பதினாறு பேர்!

அழுத்தமானி செய்தோம், கலத்தின் மின்னியக்க விசையை (அது தரக்கூடிய முழு வோல்ற்றளவை) ஒரு நீளக் கம்பியோடு ஒப்பிட்டு அளக்கிற பரிசோதனை. தொடுகைச் சாவியைக் கம்பியில் இழுத்துக்கொண்டு போகாதே, தொட்டுத் தொட்டு எடு என்று ஒவ்வொரு தடவையும் கத்த வேண்டியிருக்கிறது, இழுத்தால் கம்பி தேயும், தேய்ந்த இடத்தில் குறுக்குவெட்டுச் சீராக இராது, பிறகு எந்த நீளத்தை நம்புவது? கல்வனோமானி ஊசி பூச்சியத்தில் நின்றதும், இப்போது கலத்தில் எவ்வளவு ஓட்டம் போகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்த வெல்லம்பிட்டிப் பொடியன்தான் சொன்னான், "ஓட்டமே இல்லை சேர், அதனாலதான் இது கலத்தின் உண்மையான மின்னியக்க விசை, வோல்ற்றுமானி போட்டால் குறைச்சுக் காட்டும்." இதை நான் இன்னும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

உயர்தரப் பரீட்சை தொடங்கியது. வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்தேன். எனக்கு இரவு நித்திரை இல்லை.

நவம்பர் 27, வியாழன்

விடாமல் மழை. பரீட்சையை ஒத்திவைத்துவிட்டார்கள். களனி கங்கை ஏறுகிறது என்று செய்தி. வெல்லம்பிட்டிப் பொடியனுக்கு எடுத்துப் பார்த்தேன், தொலைபேசி வேலை செய்யவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

பாடசாலை இந்த வாரம்தான் திரும்பத் திறந்தது. அவன் வந்தான். வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீராம், அம்மாவும் தங்கச்சியும் சுகம், கோயில் மண்டபத்தில் இருந்துவிட்டு இப்போது மாமா வீட்டில். கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. செய்முறைக் கொப்பி மட்டும் அலுமாரிக்கு மேலே இருந்ததால் பாதி தப்பியது என்று பையில் இருந்து எடுத்துக் காட்டினான். தாள்கள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, மை ஊதாவாகப் பரவியிருந்தது. ஊசல் பக்கத்தில் 101.3 இன்னும் வாசிக்கலாம்.

இன்னும் பரீட்சை மிச்சம் இருக்கிறது, இருந்து படிக்க வீட்டில் இடம் இல்லை. ஆய்வுகூடத்தின் இரண்டாவது சாவியை அதிபரிடம் கேட்டு வாங்கினேன். பின்பக்க மேசை, ஜன்னலுக்குப் பக்கத்தில், அங்கே காற்றும் வெளிச்சமும் இருக்கிறது. கலைப் பிரிவுப் பொடியன்கள் இரண்டு பேருக்கும் இதே பிரச்சினை என்று வரலாற்று சேர் சொன்னார், அவர்களையும் வரச் சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலை எட்டு மணிக்குத் திறப்பேன்.