மூன்று கட்டம் தள்ளி

மார்ச் 2

இன்று டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதைவிளையாட்டில் எங்கள் மந்திரவாதி விழுந்துவிட்டாள். நான் ஆடும் போர்வீரன், என் ஃபைட்டர், மூன்று கட்டம் தள்ளி நின்றான், சங்கிலிக் கவசமும் கேடயமுமாக, அடி படுவதை அரிதாக்கும் ஆர்மர் கிளாஸ் 18. ஓநாய்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு நேரே அவளிடம் போய்விட்டன. கதையை நடத்தி எதிரிகளை ஆடும் டஞ்சன் மாஸ்டர் செய்ததில் தப்பே இல்லை. இரும்பைக் கடிக்க எந்த ஓநாய்க்கு ஆசை வரும்? கணினி விளையாட்டென்றால் ஒரு பொத்தானை அழுத்தி எதிரிகளை என் பக்கம் இழுத்திருப்பேன். மேசையில் எதிரிக்காக யோசிப்பது ஒரு மனிதர்.

மார்ச் 5

மனசு ஆறவில்லை. விதிப்புத்தகத்தை மறுபடி எடுத்தேன். நாங்கள் ஆடுவது 2014 விதிகள். என் சண்டைப் பாணி புரொடெக்‌ஷன்: 5 அடிக்குள் நிற்கும் தோழரை ஒருவன் தாக்கினால் குறுக்கே கேடயத்தை நீட்டலாம், அவன் பகடையை இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். ஒரு கட்டம் 5 அடி, நான் நின்றது 15 அடியில். அது என் பிழை. அருகில் இருந்திருந்தாலும் பிறர் முறையில் குறுக்கிடச் சுற்றுக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன்தான். கடந்து ஓடுபவனை வெட்டவும் அதைத்தான் செலவழிக்க வேண்டும். ஓநாய்களோ நான்கு.

இதே விளையாட்டின், 2008-இல் வந்த நான்காம் பதிப்பு ஃபைட்டரை டிஃபெண்டர், அதாவது காப்பவன், என்றே அழைத்தது. அவன் தாக்கிய எதிரிமேல் குறி விழும். அந்த எதிரி அவனை விட்டு வேறு ஆளை அடித்தால் பகடையில் 2 குறையும், பக்கத்தில் இருந்தால் ஃபைட்டரின் வாளும் பாயும். பலருக்கு அந்தப் பதிப்பு பிடிக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 9

ஆட்டத்துக்கு முன்பே மந்திரவாதியை ஆடும் தோழியிடம் பேசினேன். ‘என்னை ஒட்டியே நில், நான் நகர்ந்தால் நீயும் நகர்.’ சரி என்றாள்.

கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் வந்தபோது 5 அடி அகல வாசலில் போய் நின்றுகொண்டேன். என்னைத் தாண்டாமல் உள்ளே வர வழியில்லை. இரண்டு சுற்று டாட்ஜ், அதாவது தாக்குதலைத் தவிர்ப்பது மட்டும், ஒரு அடிகூட அடிக்கவில்லை. பின்னாலிருந்து அவள் நெருப்பை வீசிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக நான் சும்மா நின்றதே இல்லை.

மார்ச் 16

என் ஃபைட்டர் நான்காம் நிலைக்கு வந்தான். வலிமையைக் கூட்டாமல் சென்டினல் ஃபீட்டை, கடந்து ஓடுபவனை வெட்டி நிறுத்தும் தனித்திறனை, எடுத்தேன்.

பாலத்தில் ஓகர்கள், பெரிய அரக்கர்கள். ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் எல்லாரையும் ஓடச் சொன்னேன். முதல் ஓகர் என்னைக் கடக்கப் பார்த்தது, வாள் பட்டது, அதன் வேகம் 0. அங்கேயே நின்றுவிட்டது. ஓடும் தன் படைக்குப் பின்னால் ஒருவன் மட்டும் நின்று பகையைத் தடுப்பதை எருமை மறம் என்று பழைய புறத்துறைகள் சொல்லும். அந்தப் பெயர் எத்தனை பொருத்தம் என்று இன்றுதான் உறைத்தது.

என் உயிர்ப்புள்ளி 3. அவள் முறை வந்தது. பாலத்தைத் தாண்டிப் போயிருந்த தன் பொம்மையை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், என்னுடையதன் பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள்.