மூங்கில் மூடும்போது கால் வெளியே: தினிக்ளிங் பயிற்சிக் குறிப்புகள்

ஜூலை 5

ஆகஸ்டு பிறந்தால் பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் மொழி மாதம். எந்த மேடையைப் பார்த்தாலும் தினிக்ளிங் இருக்கும்: முனைக்கு ஒருவராக உட்கார்ந்து இரண்டு மூங்கிலைத் தட்ட, அவற்றின் இடையே கால் வைத்து எடுத்து ஆடும் ஆட்டம். அதற்கான ஏற்பாட்டில் பெரும்பாலான குழுக்கள் முதலில் ஆடுபவர்களைத் தேர்ந்தெடுத்து, உடைக்கு அளவெடுத்து, கடைசி வாரத்தில் மூங்கில் தேடிக் கிளம்புகின்றன. இது தலைகீழ் வரிசை. முதலில் மூங்கில், அடுத்து அதை அடிப்பவர்கள், அதற்கப்புறம்தான் ஆடுபவர்கள்.

ஒரு ஜோடிக்கு இரண்டு மூங்கில். நீளம் 9 அடி, குறுக்களவு இரண்டு, இரண்டரை அங்குலம். அங்கே கவாயன் தினிக் என்று சொல்லும் முள் மூங்கில் நல்ல தேர்வு. சுவர் தடிமனாக இருப்பதால் அடி தாங்கும், உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஒலியும் வரும். கெட்டி மூங்கில் உறுதிதான், ஆனால் சத்தம் மொத்தையாக விழும். பச்சை மூங்கில் கனக்கும், ஒலிக்காது, காயக் காயப் பிளக்கும். வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தாலும் அதே கதிதான். நிழலில் சில வாரம் படுக்கவைத்துக் காய்ந்ததை வாங்கவும்.

வாங்கும்போது ஒவ்வொன்றையும் தரையில் தட்டிக் கேட்க வேண்டும். சுத்தமான 'டக்' வந்தால் சரி. ஓரத்தில் 'சர்ர்' என்று அதிர்ந்தால் எங்கோ கீறல் விட்டிருக்கிறது. அது பயிற்சியின் நடுவில் பிளந்து கணுக்காலைக் கிழிக்கும். இரண்டு முனையிலும் கணு இருக்கும்படி அறுத்தால் முனை சீக்கிரம் பிளக்காது. கணு மேடுகளை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். ஆடுவது வெறுங்காலில்.

ஜூலை 6

அடிக்கட்டைகள். 30 அங்குல நீளம், 2 அங்குல தடிமன், இரண்டு போதும். மூங்கிலின் இரு முனைகளுக்கும் சற்று உள்ளே, குறுக்காகப் போட வேண்டும். இவற்றுக்கு இரண்டு வேலை: 'டொக்' என்ற இரண்டாவது ஒலியைத் தருவது, அடிப்பவரின் விரலுக்கும் தரைக்கும் இடையே இடைவெளி விடுவது. கட்டை இல்லாமல் தரையிலேயே அடிக்கும் குழுக்களில் விரல் நசுங்காத ஆள் கிடையாது. டைல்ஸ் தரையில் கட்டை வழுக்கிப் போகும். அடியில் சாக்கோ ரப்பரோ விரிக்கவும்.

பிளாஸ்டிக் குழாய் வைத்து ஆடும் பள்ளிகள் உண்டு. புதியவர்களுக்கு அடி குறைவாகப் படும் என்பது உண்மைதான். ஆனால் குழாய் எகிறும், ஒலியும் சன்னம். மேடைக்கு மூங்கில் என்றால் பயிற்சியின் பிற்பாதி முழுக்க மூங்கிலிலேயே நடக்க வேண்டும்.

ஜூலை 12

இன்று ஆடுபவர்கள் யாரும் வேண்டாம். அடிப்பவர்கள் மட்டும்.

தாளம் மூன்று எண்ணிக்கை. தமிழ்க் காதுக்கு 'தகிட' என்று சொன்னால் ஒரு நொடியில் பிடிபடும். 'த' வரும்போது இரண்டு மூங்கிலும் ஒன்றோடொன்று மோதும். 'கி', 'ட' இரண்டுக்கும் மூங்கில்கள் ஒரு அடிக்குச் சற்று மேலாக விலகிக் கட்டையில் இருமுறை தட்டும். மூடு, திற, திற. மூடுவதற்குத் தூக்கக் கூடாது. கட்டையின் மேல் இழுத்துவர வேண்டும். திறந்த பிறகு தட்டுவதற்கு ஒரு அங்குலம் தூக்கினால் போதும். உயரமாகத் தூக்கினால் மூன்று கேடு: ஒலி தாமதமாகும், ஆடுபவரின் பாதத்தில் மூங்கில் இடிக்கும், அடிப்பவரின் மணிக்கட்டு சீக்கிரம் தளரும்.

பிடி மூங்கிலின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். எதிரே இருந்து பார்த்தால் இரண்டு மூங்கிலுக்கும் நடுவே ஒரு விரல்கூடத் தெரியக் கூடாது. பிடி இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. கால் சிக்கிக்கொண்டால் மூங்கில் விட்டுக்கொடுக்க வேண்டும். இறுகப் பிடித்த கையில் அது நடக்காது. யார் "நிறுத்து" என்றாலும் உடனே கையை விடுவது என்று முதல் நாளே பழக்கிவிட வேண்டும்.

அடிக்கடி காணும் பிழை மூன்று. இரண்டு முனையிலும் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே கணத்தில் மூடாவிட்டால் மூங்கில் கோணலாகி, 'டக்' என்ற ஒரே ஒலி 'டடக்' என்று உடைகிறது. அடுத்து, மூடும்போதெல்லாம் வலக்கைக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகத் தள்ள, மூங்கில் முனைகள் மெல்ல அவரவர் இடப்பக்கம் நகர்ந்துவிடும். கட்டையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தால் நகர்வு உடனே கண்ணில் படும். மூன்றாவதுதான் பெரிய தொல்லை: காலம் ஓடுவது. மெட்ரோனோம் என்ற தாளமானியில் நிமிடத்துக்கு 90 தட்டு வைத்துத் தொடங்கினால், அதை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் 110க்குப் போய்விடுகிறார்கள். மூடும் அடி சுகமாக இருப்பதால் அதை நோக்கி அவசரப்படுகிறார்கள். மூன்றாம் எண்ணிக்கை சுருங்குகிறது. மருந்து: 'ட'வை வாயால் நீட்டிச் சொல்லிக்கொண்டே அடிப்பது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றவும். மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தால் முதலில் போவது தாளம்.

ஜூலை 13

ஆடுபவர்களுக்குச் சுண்ணாம்புக் கோடு. 14 அங்குல இடைவெளியில் இரண்டு கோடு, மூங்கில் இல்லை.

அடிப்படை அடவு இது. கோடுகள் உங்களுக்கு வலப்பக்கம். 'த': இடது கால் வெளியே. 'கி': வலது கால் உள்ளே. 'ட': இடது கால் உள்ளே. அடுத்த 'த'வுக்கு வலது கால் மறுபக்கம் வெளியே. 'கி' இடது உள்ளே. 'ட' வலது உள்ளே. அடுத்த 'த'வுக்கு இடது, புறப்பட்ட பக்கமே வெளியே. கால்கள் இடது வலது இடது, வலது இடது வலது என்று மாறிக்கொண்டே போகும். எந்தக் காலும் அடுத்தடுத்து இருமுறை வராது. இருமுறை வந்தால் எங்கோ எடை மாற்றவில்லை என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு, பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகிறார்கள். எல்லோர் கண்ணும் மூங்கிலுக்கு நடுவே இருக்கும். ஆனால் தாளத்தின் கனமான அடி விழும்போது கால் வெளியே இருக்கிறது. உள்ளே வைக்கும் இரண்டும் மெலிந்த அடிகள், பட்டும் படாமலும் விழ வேண்டியவை. புதியவர்கள் பயத்தில் உள்ளேதான் ஓங்கி மிதிக்கிறார்கள். அப்போது கால் எழும்பத் தாமதமாகி, அடுத்த 'த' கணுக்காலில் விழுகிறது. அடிபடுவதற்குக் காரணம் வேகம் போதாதது என்று நினைத்து இன்னும் வேகமாகக் குதிக்கிறார்கள். அங்கேதான் கதை கெடுகிறது. வெளியே வைக்கும் காலில் உடம்பின் எடையை முழுதாக இறக்கச் சொன்னால் உள்ளடிகள் தாமே இலேசாகிவிடும்.

முன்பாதத்தில் இறங்க வேண்டும், முழங்கால் தளர்வாக. பாதம் கணுக்கால் உயரத்துக்கு மேல் எழ வேண்டியதில்லை. பார்வை கூட ஆடுபவரின் முகத்தில். கீழே பார்த்தால் முதுகு வளையும், கூடவே காதின் வேலையைக் கண் எடுத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்து வைக்கும் கால் எப்போதும் பிந்தித்தான் வரும்.

ஜூலை 19

கோட்டிலிருந்து மூங்கிலுக்கு. முதலில் மூங்கில் திறந்தபடி சும்மா கிடக்க, அதே அடவு. பிறகு 90இல் அடி. எட்டுச் சுற்று பிசகாமல் வந்தால் ஐந்து தட்டு கூட்டவும். பிசகினால் பத்து குறைக்கவும்.

அடிப்பவர்கள் ஆடுபவரின் காலைப் பார்த்து அடிக்கக் கூடாது. இரக்கப்பட்டுத் தாமதிப்பவர்தான் அதிகம் காயப்படுத்துகிறார். ஆடுபவர் காதை நம்பிக் காலை எடுக்கிறார். மூங்கில் அரைநொடி பிந்தி வந்தால் அடுத்த காலில் இடிக்கிறது.

நுழைவும் பழக வேண்டும். நேராக உள்ளே பாயாமல், வெளியே நின்றபடி வலது காலால் திறந்த இடைவெளியில் இருமுறை தொட்டு, மூடும்போது பின்வாங்கும் அசைவு சில சுற்றுகள். அழகுக்காக வைத்ததுபோல் தெரிந்தாலும் ஆடுபவர் மூங்கிலின் காலத்தை உடம்பில் வாங்கிக்கொள்ளும் இடம் அது. நேரம் மிச்சம் என்று இதை வெட்டும் குழுக்கள் முதல் சுற்றிலேயே தடுமாறுகின்றன.

ஜூலை 20

தினிக்ளிங் பிறந்த இடமாகச் சொல்லப்படுவது விசயாஸ் பகுதியின் லெய்தே தீவு. திக்லிங் என்ற நீண்ட கால் வயல்பறவையின் நடையே மூலம். ஸ்பானியர் தோட்டங்களில் வேலையாட்களை மூங்கிலால் தண்டித்ததிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை சுற்றுகிறது. சொல்பவர்கள் யாரும் ஆவணம் காட்டுவதில்லை. மேடை அறிவிப்பில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இன்று பள்ளிகளில் சொல்லித்தரும் அடவுகளுக்குப் பின்னால் இருப்பவர் பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கினோ. 1920களில் ஊர் ஊராகப் போய் ஆட்டங்களை எண்ணிக்கையோடும் இசையோடும் எழுதிவைத்தார். 1973இல் நடனத்துக்கான தேசியக் கலைஞர் விருது பெற்றார். 1957இல் மணிலாவின் பிலிப்பைன் மகளிர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பயானிஹான் குழு, நாட்டார் ஆட்டங்களைப் பெரிய மேடைக்கு ஏற்ப மாற்றி, 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் உலகுக்குக் காட்டியது. வேகமும் வித்தையும் கூடியதில் மேடைக்குப் பெரிய பங்கு உண்டு. அக்கினோ எழுதிவைத்த வடிவத்தைக் கற்ற பிறகு மேடை வடிவத்துக்குப் போவது நல்லது. நேராகக் காணொளியைப் பார்த்துக் கற்பவர்களுக்கு வேகம் வந்துவிடுகிறது, நடை வருவதில்லை.

மிசோரத்தின் செராவ் ஆட்டத்தையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவோர் உண்டு. மூங்கில் பொதுதான், ஆனால் இரண்டும் தனித்தனி மரபு.

ஜூலை 26

இசை. ரொந்தால்யா என்பது மீட்டுகருவிக் குழு: பந்தூர்யா, லாவூத், ஒக்தாவினா, கித்தார், பாஹோ. பதினான்கு தந்தி கொண்ட பந்தூர்யாதான் மெட்டைச் சுமக்கிறது. தந்தி ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவதால் மீட்டுதுண்டை மேலும் கீழும் விடாமல் ஓட்டி நீட்டுகிறார்கள். ஆடுபவர்கள் மெட்டைக் கேட்டால் இந்த ஓட்டத்தில் எண்ணிக்கை கரைந்துவிடும். கேட்க வேண்டியது பாஹோவை. அது முதல் எண்ணிக்கையில் ஆழமாக விழும். கித்தார் இரண்டிலும் மூன்றிலும். மூங்கிலின் கூர்மையான 'டக்' பாஹோவோடு சேர, கட்டையின் மொத்தையான 'டொக் டொக்' கித்தாரோடு சேரும். இந்த இரண்டு இணைப்பும் அமைந்துவிட்டால் ஒலிவாங்கியைக்கூட மூங்கில் பக்கம் வைக்க வேண்டாம்.

மழைக்காலம். ஈரக்காற்றில் தந்திச் சுருதி மாறும், மூங்கிலின் ஒலி மங்கும், தரை வழுக்கும். ஒத்திகைக்கு முன் மூங்கிலை உலர்ந்த துணியால் துடைக்கவும்.

ஜூலை 27

குறுக்கு மூங்கில். இரண்டு ஜோடி, ஒன்றின் மேல் ஒன்று செங்கோணமாக. மேல் ஜோடியின் கட்டை கீழ்க்கட்டையைவிட, கீழ் மூங்கிலின் தடிமனும் அது எழும்பும் ஒரு அங்குலமும் சேர்ந்த அளவுக்கு உயரமாக வேண்டும். அதே 2 அங்குலக் கட்டையைப் போட்டால் இரண்டு ஜோடியும் இடித்துக்கொள்ளும். எட்டு மூங்கில் முனைகள், நாலு அடிப்பவர்கள். ஒருவரே தலைவர், மற்ற மூவரும் அவர் கையைப் பார்ப்பார்கள்.

இதே குறுக்கு மூங்கிலை வைத்து சிங்கில் என்ற ஆட்டத்தையும் சேர்க்கலாம் என்ற யோசனை ஒவ்வோர் ஆண்டும் வரும். சேர்க்க வேண்டாம். சிங்கில், மிந்தனாவோவின் லனாவோ ஏரிக்கரை மரனாவ் மக்களுடையது. மேடையில் அதைத் தரங்கன் காவியத்தின் இளவரசி கதையோடு சேர்த்து ஆடுகிறார்கள். தரங்கனை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபுச் செல்வமாக அறிவித்து, 2008இல் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இசை ரொந்தால்யா அல்ல. வரிசையாகக் கிடத்திய எட்டுக் குமிழ்மணிகளான குலிந்தாங், தொங்கும் பெரிய ஆகுங், தபாகன் முழவு. உடலும் வேறு. தினிக்ளிங்கில் உடம்பு துள்ளும். சிங்கிலில் கால் மூங்கிலைக் கடக்க, தலையும் தோளும் மட்டம் மாறாமல் மிதக்க வேண்டும், இரண்டு கையிலும் விசிறி சுழல வேண்டும். ஒரு மாதப் பயிற்சியில் வருவது விசிறி மட்டும்தான்.

ஆகஸ்ட் 2

நிகழ்ச்சியின் மற்ற உருப்படிகள், சுருக்கமாக.

பந்தாங்கோ ச இலாவ்: மிந்தோரோவைச் சேர்ந்தது. தலையில் ஒரு விளக்கு, இரு கைகளில் ஒவ்வொன்று. இதுவும் மூன்று எண்ணிக்கைதான், ஆனால் துள்ளல் கிடையாது. தினிக்ளிங் பழகிய கால்கள் முதல் எண்ணிக்கையில் எழும்பிவிடும், தலை விளக்கு சரியும். அடிப்பாகம் தட்டையான, கனமான கண்ணாடிக் குவளை எடுக்கவும். முதல் வாரம் விளக்குக்குப் பதில் முக்கால் குவளை தண்ணீர்; உடை நனையாத நாளில்தான் சுடர்.

மக்லலாதிக்: லகூனாவின் பின்யான் ஊர். ஆண்கள் மார்பு, முதுகு, இடுப்பு, தொடையில் சிரட்டை கட்டி, கையில் பிடித்த சிரட்டையால் தட்டுவார்கள். வார் தளர்ந்தால் சிரட்டை திரும்பி ஒலி செத்துவிடும். ஆடிப் பார்த்து, வேர்த்த பிறகு ஒருமுறை வாரை இறுக்கவும்.

ஆகஸ்ட் 9

உடை ஒத்திகை. பெண்களின் பதத்யோங் பாவாடை கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும். கையால் சற்றுத் தூக்கிப் பிடித்தால் மூங்கில் விளிம்பில் மாட்டாது. ஆண்கள் கால்சட்டையை மடித்துவிடுவது அழகுக்கு மட்டுமல்ல. கொலுசு, மெட்டி இருந்தால் கழற்றிவிடவும்.

மேடையில் கடைசிச் சுற்றுக்கு வேகம் கூட்டுவது வழக்கம். கூட்டுவது யார் என்று முன்பே முடிவாக வேண்டும்: பாஹோ. அடிப்பவர்கள் அதைப் பின்தொடர, ஆடுபவர்கள் மூங்கிலைப் பின்தொடர்வார்கள். பயிற்சியில் 150 தட்டுக்குப் பிசகாமல் வந்தவர்களுக்கு மேடையில் 140 வைத்தால் போதும்.

மாற்று மூங்கில் ஒரு ஜோடி மேடையின் ஓரத்தில். நிகழ்ச்சி முடிந்ததும் மூங்கில்களைச் சுவரில் சாத்த வேண்டாம், வளைந்துவிடும். மூன்று இடத்தில் முட்டுக் கொடுத்துப் படுக்கவைக்கவும். அடியில் மாவுபோல் தூள் உதிர்ந்தால் வண்டு விழுந்திருக்கிறது, அந்த ஜோடியை அடுத்த ஆண்டுக்கு எண்ண வேண்டாம்.