டேட்டா புக் இல்லாத மேசை

எட்டு வருஷமாக நான் வகுப்பெடுக்கும் பாடத்திலேயே, பி.எச்.டி.க்கான காம்ப்ரிஹென்சிவ் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கவிழ்ந்தேன். ஸ்டாஃப் ரூமில் கேட்டவர்களிடம் "டேட் தள்ளிப் போச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன். அதில் பாதி உண்மை. தேதி ஏற்கெனவே ஒரு தடவை தள்ளித்தான் போயிருந்தது.

தாம்பரம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, மெக்கானிக்கல் துறை. பாடம் ஹீட் அண்ட் மாஸ் ட்ரான்ஸ்ஃபர், அதாவது வெப்பமும் பொருளும் எப்படி இடம் மாறுகின்றன என்பது, பையன்கள் வாயில் எச்.எம்.டி. அசோசியேட் ப்ரொஃபசர் ஆக வேண்டுமென்றால் பி.எச்.டி. இல்லாமல் முடியாது. 2022 ஜனவரியில் பார்ட் டைம் ஸ்காலராகப் பதிந்தேன். மின்வாகன பேட்டரியை ஒட்டி மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டை இறக்குவது என் தலைப்பு. கல்லூரியில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கியது தனிக்கதை, அதை விடுங்கள். கோர்ஸ் வொர்க் நாலு பேப்பர், தேறிவிட்டேன்.

அதற்கப்புறம் காம்ப்ரிஹென்சிவ். இது தேறினால்தான் பதிவு உறுதியாகும். அதுவரை நாம் ப்ரொவிஷனல்தான். சில இடங்களில் எழுத்துத் தேர்வும் உண்டு. எங்களுக்கு வைவா மட்டும். கைடும் டி.சி. எனும் டாக்டரல் கமிட்டியின் உறுப்பினர்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

எதைக் கேட்பார்கள் என்பதில்தான் நான் தப்புக்கணக்குப் போட்டேன். என் தலைப்பில் வந்த புதுக் கட்டுரைகளாகப் பிரிண்ட் எடுத்து அடுக்கினேன். அடிப்படையைத் தொடவே இல்லை. தினமும் நடத்துவதுதானே என்ற தெம்பு. 2023 டிசம்பர் முதல் வாரம் தேதி கொடுத்திருந்தார்கள். மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூரில் எங்கள் தெருவே ஏரியாகிவிட்டது. கட்டுரைக்கட்டைப் பரணில் ஏற்றிவிட்டு, கரண்ட் இல்லாத வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மறுபடியும் அதே கட்டுரைகளைத்தான் படித்தேன்.

பொங்கல் கழிந்து வைவா. பத்து நிமிஷம் என் தலைப்பைப் பற்றிச் சொல்லவிட்டார்கள். பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர், ரொம்ப சாந்தமாக, "குழாய்ல லேமினார் ஃப்ளோ, சுவர்ல ஒரே சீரா ஹீட் ஃப்ளக்ஸ். நஸெல்ட் நம்பர் எவ்ளோம்மா?" என்றார். லேமினார் என்றால் தண்ணீர் கலங்காமல் அடுக்கடுக்காக ஓடுவது. நஸெல்ட் நம்பர், சுவரிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் எவ்வளவு நன்றாகப் போகிறது என்பதைக் காட்டும் எண்.

"4.36 சார்." யோசிக்கவே இல்லை.

"எங்கேருந்து வந்துச்சு?"

"டேட்டா புக்ல..." சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சூத்திரங்களும் மதிப்புகளும் அச்சடித்த கையேடு அது.

அவர் சிரிக்கவில்லை. "சரி, டேட்டா புக்குக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று சாக்பீஸை நீட்டினார். போர்டில் எனர்ஜி ஈக்வேஷனை எழுதினேன். எழுதிவிட்டு நின்றேன். அவரே இறங்கி வந்து இன்னொரு கேள்வி கேட்டார்: "குழாய் முழுக்கத் தண்ணி சூடாகிட்டேதானே போகுது? டெம்பரேச்சர் மாறிட்டே இருக்கும்போது ஃபுல்லி டெவலப்ட்னு எதைச் சொல்றீங்க?" இந்த வார்த்தையை நான் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இரண்டு மார்க் கேள்விக்கு அதன் இலக்கணத்தை டிக்டேட் செய்திருக்கிறேன். அவர் கேட்டது அந்த இலக்கணத்துக்குப் பின்னால் இருந்தது. வாய் வரவில்லை.

வெளியே உட்காரச் சொன்னார்கள். கைடு வந்து, "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கலாம்னு எழுதியிருக்காங்க. டேட்டா புக்கை மூடி வெச்சுட்டுப் படிங்க" என்றார். அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது.

யோசித்துப் பார்த்தால் எங்கள் பிழைப்பே அப்படி. பார்ட் ஏ பத்துக் கேள்வி, பார்ட் பி 13 மார்க், கடைசியில் ஒரு 15 மார்க். தேர்வு அறையில் டேட்டா புக் அனுமதி உண்டு. எந்தக் கணக்குக்கு எந்தப் பக்கம் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் ரிசல்ட் வரும். ரிசல்ட் வந்தால் துறைத் தலைவர் சும்மா இருப்பார். எட்டு வருஷத்தில் நான் பக்க எண்களில் தேர்ந்தவளாகியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் சுற்றிலும் டி.என்.பி.எஸ்.சி. கூட்டம். நடுவில் நான், வெள்ளைத்தாளும் பென்சிலும். பரவளைய வேகப்பரவலைப் போட்டு இரண்டு தடவை இன்டக்ரேட் செய்து, பல்க் டெம்பரேச்சர் (தண்ணீரின் சராசரிச் சூடு) கண்டுபிடித்து, மூன்றாவது ஞாயிறுதான் 48/11 வந்தது. வகுத்தால் 4.36. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு 'ஹா' என்றிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய உதவி லேபில் இருந்த ஃபுல் டைம் ஸ்காலர் ஒரு தம்பி. "அக்கா, என்னை செகண்ட் இயர் பையன்னு நெனச்சுக்கோங்க, ஃபார்முலா சொல்லாம சொல்லுங்க" என்று வாரம் ஒரு மணி நேரம் போர்டுக்கு முன் நிற்கவைத்தான். சுவர் சீரான வெப்பநிலையில் இருந்தால் 4.36 ஏன் 3.66 ஆகக் குறைகிறது என்று அவனுக்குச் சொல்ல இரண்டு வாரம் ஆனது. சுவர் ஓரத்துத் தண்ணீர் ஏற்கெனவே சுவரின் சூட்டை எட்டிவிட்டது, அது அதிகம் வாங்காது. வெப்பம் நடுக்குழாய் வரை போயாக வேண்டும். வழி நீளம், அதனால் மதிப்பு கம்மி. இப்படி வாயால் சொல்லிப் பார்த்த பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

ஜூலையில் இரண்டாம் வைவா. அதே சார். உட்கார்ந்ததுமே, "அன்னிக்கு விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கலாமா?" என்றார். தண்ணீர் சூடாகிக்கொண்டே போனாலும், சுவருக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுவருக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் வரும் வடிவம் மாறாது, அதைத்தான் டெவலப்ட் என்கிறோம் என்று படம் போட்டேன். தலையாட்டினார். அந்த வடிவம் நிலைக்கும் வரை ஆகும் தூரமான நுழைவு நீளம் எண்ணெய்க்கு ஏன் அவ்வளவு அதிகம் என்றார். எண்ணெயில் வேகம் பரவுமளவுக்கு வெப்பம் சீக்கிரம் பரவாது என்று பிரான்ட்ல் எண்ணைச் சொல்லித் தப்பித்தேன். கொதித்தல் பற்றி இன்னொருவர் கேட்டதற்கு, "தெரியலை சார்" என்றேன். "படிச்சு அடுத்த டி.சி.ல சொல்லுங்க" என்று குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஐம்பது நிமிஷத்தில் மூன்று கையெழுத்தும் விழுந்தன.

உறுதி ஆணை கைக்கு வர மேலும் ஒன்றரை மாதம். இப்போது வகுப்பில் 48/11ஐப் போர்டில் போட்டுக் காட்டுகிறேன். "மேம், இது எக்ஸாமுக்கு வருமா?" என்கிறார்கள். வராது என்றதும் பேனாவை மூடிவிடுகிறார்கள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை.

அடுத்த டி.சி. வருஷக் கடைசியில். மழைக்கு முன்னால் தேதி கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.