பெருமாள்புரத்திலிருந்து அடம்பனுக்கு: அம்மா, அப்பாவை ஊருக்கு அனுப்பிய அனுபவம்

1990-இல் போருக்குத் தப்பி, இலங்கையின் மன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தது எங்கள் குடும்பம். நானும் தங்கச்சியும் பெருமாள்புரம் முகாமில் பிறந்தவர்கள். 2016 ஆகஸ்டில் அம்மா, அப்பா, தங்கச்சி மூவரும் மன்னார் பக்கத்துச் சொந்த ஊரான அடம்பனுக்குத் திரும்பினார்கள். மனைவிக்கு அப்போது ஆறு மாதம் என்பதால் நான் தங்கிவிட்டேன். அவர்களை அனுப்பிவைக்க ஓடியது ஒன்றரை வருடம். பழவிளை, கோழிவிளை, ஞாறாம்விளை முகாம்களில் இருந்தும் பலர் விவரம் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வழியில்லை. படகில் வந்த எங்களிடம் பாஸ்போர்ட் கிடையாது. தூதரகம் தரும் தற்காலிகப் பயணப் பத்திரமும் இங்கே வாங்கும் வெளியேறும் அனுமதியும் ஒரு வழிக்குத்தான். முகாம் பதிவிலிருந்து பெயர் வெட்டப்பட்டால் மாதப் பணமும் வீடும் அன்றோடு போச்சு. எனவே பார்க்க வேண்டியதை எல்லாம் போவதற்கு முன்னாலேயே இன்னொருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

எங்களுக்கு அந்தக் கண் சித்தப்பா. போரெல்லாம் அங்கேயே கிடந்து கழித்தவர். நான் ஒவ்வொரு கேள்வியாக அனுப்ப, அவர் போனில் படம் பிடித்து அனுப்புவார். எங்கள் காணியில் (நிலத்தில்) மிதிவெடி எடுத்து முடித்து எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா? "சனம் நடக்குது, பயமில்லை" என்ற பதிலோடு நான் நிற்கவில்லை. பிரதேச செயலகத்தில் விசாரித்துச் சொல்லுங்கள் என்று சித்தப்பாவைத் திரும்ப அனுப்பினேன். கிணறு என்ன நிலையில் இருக்கிறது? வேலி யாருடையது? ஒருநாள் வந்த வீடியோவில் வெறும் பற்றைக்காடு. அம்மா திடீரென்று போனைப் பிடுங்கி, "நிப்பாட்டு, நிப்பாட்டு. அது எங்கட கிணத்துக்கட்டு. துவைக்கிற கல்லைப் பார்" என்றார். செடிகளுக்கு நடுவே ஒரு மூலை மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீடியோவை அம்மா எத்தனை தரம் பார்த்தார் என்று கணக்கில்லை.

வடக்குப் பக்கம் பக்கத்துக் காணிக்காரரின் வேலி உள்ளே வந்திருந்தது. போரினால் காணியை விட்டுப் போனவர்கள் அனுபவ பாத்தியத்தால் (வேறொருவர் நெடுநாள் வைத்திருந்தார் என்பதால்) உரிமையை இழக்கக் கூடாது என்று இலங்கையில் அந்த 2016-இல்தான் ஒரு சட்டம் வந்தது. அப்பா காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) பிளாஸ்டிக் பையில் சுற்றிப் படகிலேயே கொண்டுவந்திருந்தார். சித்தப்பா கிராம சேவகரை வைத்துப் பேசியதில் வழக்குக்குப் போகாமல் முடிந்தது. உறுதி தொலைத்தவர்கள் இலக்கத்தையாவது தேடி எடுங்கள். காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

காகித வேலையில் எங்களை வதைத்தது பெயர். அப்பாவின் பெயர் இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, முகாம் அட்டையில் ஒரு மாதிரி, தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. எல்லாம் ஆங்கில எழுத்தில் வந்த வித்தியாசம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இலங்கைக் குடியுரிமைக்குப் பதிய வேண்டும் என்பது சட்டம். தங்கச்சிக்கோ வயது பதினேழு. தாமதப் பதிவுக்கு அம்மா அப்பாவின் பிறப்புப் பத்திரங்களும் விவாகப் பதிவும் மூன்று இடத்திலும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. திருத்தத்துக்காக ஒரு அலுவலகத்தில் கொடுத்த மனு இரண்டு மாதம் அசையாமல் கிடந்தது. அப்பா பெயிண்ட் வேலைக்குப் போகும் கூலியை விட்டுவிட்டு வாரத்துக்கு ஒருநாள் போய் நின்றார். தங்கச்சியின் பதிவு முடியாமல் பயணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சொந்த ஊருக்கே போய் அங்கும் நாடில்லாதவளாக அவள் நிற்கக் கூடாது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அகதிகளுக்கு உதவும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினர் படிவங்களை நிரப்ப உதவினார்கள். அகதிகளுக்கான ஐ.நா. அலுவலகம் தனித்தனியாகக் கூப்பிட்டு, விருப்பத்தோடுதான் போகிறீர்களா என்று கேட்டுவிட்டு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தது. அப்போது கப்பல் இல்லை. தையல் மெஷினையும் அப்பாவின் சைக்கிளையும் இங்கேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் மாதத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் கட்டுக்கரைக்குளத்து வயலில் காலபோகம் (மழைக்கால நெல் பயிர்) மழையோடு தொடங்கும். அதற்கு முன் காடு வெட்டி, கிணறு இறைத்து, சித்தப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்துகொண்டே ஒரு கொட்டில் (குடிசை) போட்டுவிட வேண்டும். மழைக்குள் போய் இறங்கியவர்கள் பட்ட பாட்டைக் கேட்டிருந்தோம். கிணற்றை மூன்று தரம் இறைத்த பிறகே தண்ணீர் தெளிந்தது என்று அம்மா சொன்னார்.

நவம்பரில் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுக்குப் பெயர் கேட்டபோது, என் பெயரையும் மனைவி பெயரையும் பத்திரத்தில் உள்ளபடி எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதியதை வாங்கி இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். சான்றிதழ் கைக்கு வந்த வாரமே அவளுடைய இலங்கைக் குடியுரிமை விண்ணப்பம் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய்விட்டது.