வர்க்கமூலம் வரை போதும்

ஓர் எண்ணின் வகுத்திகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பிள்ளைகளில் பலர் அந்த எண்ணின் பாதி வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கிறார்கள். நிரல் எழுதும் பெரியவர்கள் சிலரும் இதையே செய்யக் கண்டிருக்கிறேன். விடை சரியாகவே வரும், உழைப்புத்தான் வீண். 360-ஐ எடுத்துக்கொள்வோம். 1-க்கு இணை 360, 2-க்கு 180, 3-க்கு 120 என்று தொடங்கும் வரிசை, 15-க்கு 24, 18-க்கு 20 என்று வந்து முடிந்துவிடும். இடப்பக்க எண் ஏற ஏற வலப்பக்க எண் இறங்கி வருகிறது; 360-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 18.97 என்பதால், அதைத் தாண்டிப் போனால் 20-க்கு 18, 24-க்கு 15 என்று முன்பு எழுதிய இணைகளே இடம் மாறி வரும். ஆகவே 18 வரை வகுத்தாலே 24 வகுத்திகளும் கிடைத்துவிடுகின்றன. 180 வரை போக வேண்டியதில்லை.

காரணம் எளிது: இணையாக வரும் இரண்டு வகுத்திகளுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருந்தால், அவற்றின் பெருக்கற்பலன் அந்த எண்ணைத் தாண்டிவிடும். 36-க்கு 6-ஐப் போல ஒரு வகுத்தி தனக்குத் தானே இணையாக அமைவது முழு வர்க்க எண்களில் மட்டுமே நிகழும். அதனால்தான் அவற்றுக்கு மட்டும் வகுத்திகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருகிறது.

வகுத்திகளைத் தேடுவதைவிட, வகுத்தி இல்லை என்று சொல்லும்போதுதான் வர்க்கமூலத்தின் அருமை தெரியும் என்பது என் எண்ணம். 97-ஐ 2, 3, 5, 7 ஆகிய நான்கும் மீதியின்றி வகுக்கவில்லை என்றால், அடுத்த பகா எண்ணான 11-இன் வர்க்கம் 97-ஐத் தாண்டிவிடுவதால், அது பகா எண் என்று அங்கேயே அறுதியிட்டுச் சொல்லலாம். தேடலை எங்கே நிறுத்தலாம் என்பதற்கு வர்க்கமூலம் உரிமை தருகிறது. அதற்கு முன்பே நிறுத்தினால் கையில் இருப்பது வெறும் ஊகம்.

இதற்குச் சரியான சாட்சி, இத்தாலியின் போலோஞ்ஞா நகரத்துக் கணிதர் பியெத்ரோ கட்டால்டி. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானேயாக இருக்கும் நிறைவெண்களைத் தேடியவர் அவர். 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண் பகா எண்ணாக இருந்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண்ணை உருவாக்கலாம் என்பதால், 17-ஆம் அடுக்கில் வரும் 1,31,071-ஐயும் 19-ஆம் அடுக்கில் வரும் 5,24,287-ஐயும் அவர் சோதித்தார். 724-இன் வர்க்கம் 5,24,176. 725-இன் வர்க்கம் 5,25,625. ஆக, இரண்டாவது எண்ணுக்கு 724 வரையுள்ள 128 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவரிடம் 750 வரையிலான பகா எண்களின் பட்டியல் இருந்தது. வகுத்தார், எதுவும் மீதியின்றிப் போகவில்லை, இரண்டும் பகா எண்கள் என்று நிறுவினார். (1613-இல் வர்க்கமூலம் காணும் முறை பற்றித் தனி நூலே வெளியிட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

ஆனால் 1603-இல் வெளியான தம் நூலில் அவர் அதோடு நிற்கவில்லை; 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களையே தரும் என்று சொல்லிவிட்டார். 23-ஆம் அடுக்கில் வரும் எண் 83,88,607. அதன் வர்க்கமூலம் 2,896-ஐச் சற்றுத் தாண்டும். அவருடைய பட்டியல் அவ்வளவு தூரம் எட்டாது. எட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை: அந்த எண்ணை, பகா எண் வரிசையில் பதினைந்தாவதாக நிற்கும் 47 மீதியின்றி வகுக்கிறது. ஈவு 1,78,481. கையாலேயே சரிபார்க்கலாம். 2-இன் 7-ஆம் அடுக்கு 128. அதை 47-ஆல் வகுத்தால் மீதி 34. 34-ஐ 34-ஆல் பெருக்கி வகுத்தால், 14-ஆம் அடுக்குக்கு மீதி 28. அதை மறுபடி 34-ஆல் பெருக்க, 21-ஆம் அடுக்குக்கு மீதி 12. இன்னும் இரண்டு அடுக்கு ஏற 12 என்பது 48 ஆகி, மீதி 1 என்று நிற்கிறது. அந்த 1-ஐக் கழித்துவிட்டால் மிச்சம் ஏதுமில்லை.

இதை 1640-இல் எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கும்போது, கிடைக்கும் எண்ணின் எந்தப் பகா வகுத்தியும் அடுக்கின் இருமடங்கினுடைய மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். அடுக்கு 23 என்றால் 46-இன் மடங்கோடு 1. முதலில் கிடைப்பதே 47. இதே வழியில் 37-ஆம் அடுக்குக்கு 223 சிக்கியது. 29-ஆம் அடுக்கில் வரும் எண்ணை 233 வகுக்கும் என்று பிறகு சுவிஸ் கணிதர் ஆய்லர் காட்டினார்.

எஞ்சியது 31. அதில் வரும் எண் 2,14,74,83,647. வர்க்கமூலம் 46,340-ஐ ஒட்டியது. அதுவரை ஏறத்தாழ 4,800 பகா எண்கள் உள்ளன. வகுத்திகள் 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 சேர்ந்த வடிவில் மட்டுமே அமையும் என்று ஆய்லர் கண்டதால், அதிகபட்சம் 372 வகுத்தல்களே தேவைப்பட்டன. 1772 வாக்கில் அவர் அந்த எண்ணைப் பகா எண் என்று நிறுவியபோது, கட்டால்டி ஆதாரமின்றிச் சொன்ன நான்கில் அது ஒன்று மட்டுமே தேறியது.