மான்டரே கடலில் கயாக் மீன்பிடிப்பு: ஸ்வெல் எண்களைப் படிக்க நான் பழகிய முறை

கலிபோர்னியா கடற்கரையில் கயாக்கில் மீன் பிடிக்க ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு சொல்லித் தருவார்கள். அலை எத்தனை அடி, அடுத்தடுத்து வரும் இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். விநாடி, அடியைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் போகலாம். 5 அடிக்கு 10 விநாடி என்றால் சரி. 6 அடிக்கு 7 விநாடி என்றால் வேண்டாம். நானும் இதை வைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன். மான்டரே விரிகுடாவில் சில பருவங்கள் கழிந்தபின் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கரையை விட்டு வெளியே போன பிறகுதான் இந்தக் கணக்கு பொருந்தும். கரையிலிருந்து இறங்கும்போதும், திரும்பி வந்து ஏறும்போதும், பாறை ஓரத்தில் தூண்டில் போடும்போதும் இதை நம்பக் கூடாது. கயாக்கில் போகிறவர்கள் கவிழ்வது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

காரணம் புரிய, மிதவை தரும் எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். மான்டரேக்கு மேற்கே சுமார் 27 கடல் மைல் தூரத்தில் 46042 என்ற எண்ணுள்ள அமெரிக்க அரசு மிதவை இருக்கிறது. அதன் இணையப் பக்கத்தில் ‘அலை உயரம் 5 அடி’ என்றிருந்தால், வரும் அலைகளில் பெரியது 5 அடி என்று அர்த்தமல்ல. வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதன் சராசரியைப் போடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் படைகள் கரையிறங்க அலையை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கடலியல் அறிஞர்கள் ஸ்வெர்ட்ரப்பும் வால்டர் மங்க்கும் கையாண்ட அளவு இது. நமக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: 5 அடி என்று காட்டும் நாளில் சில மணி நேரம் கடலில் இருந்தால், 9 அடி அலை ஒன்றாவது நம்மைக் கடந்து போகும் என்று எதிர்பார்த்தே இறங்க வேண்டும்.

அதே பக்கத்தில் ஸ்வெல்லையும் (தொலைதூரப் புயல் கிளப்பி உருண்டு வரும் அலை) காற்றலையையும் (அந்த இடத்துக் காற்றே கிளப்பும் அலை) பிரித்துக் காட்டும் விவரப் பட்டியலும் உண்டு. மொத்த உயரத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். 3 அடி ஸ்வெல்லும் 5 அடி காற்றலையும் சேர்ந்தால் மொத்தம் 8 அடி என்று வராது, ஏறத்தாழ 6 அடி என்றுதான் வரும். 6 அடி உயரத்துக்கு ஒற்றை ஸ்வெல் மட்டும் உருண்டு வரும் நாளும் அதே 6 அடிதான். உட்கார்ந்து துடுப்புப் போடும்போது இரண்டும் வேறு வேறு கடல்.

இனி விநாடிக் கணக்கு. ஆழ்கடலில் ஓர் அலையின் நீளம், விநாடியின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 8 விநாடி அலை 100 மீட்டர் நீளம். 16 விநாடி அலை 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கிறது. அதாவது 8 விநாடி அலை 50 மீட்டர் ஆழத்தில் உணரும் தரையை, 16 விநாடி அலை 200 மீட்டரிலேயே உணர்ந்துவிடும். அங்கிருந்து வேகம் குறையும், திசை வளையும், கரையை நெருங்க நெருங்க எழும்பும். 4 அடி, 9 விநாடி ஸ்வெல் நேராக நோக்கும் கடற்கரையில் 6 அடிக்குள் உடையும். அதே 4 அடி 18 விநாடியில் வந்தால் 7 அடியைத் தாண்டி உடையும். ஒவ்வோர் அலையும் கொண்டுவரும் தண்ணீரும் மிக அதிகம். இரண்டு மடங்குக் கணக்கின்படி பார்த்தால் இந்த இரண்டாவது நாள்தான் ‘அருமையான நாள்’. வெளியே உண்மையில் அருமைதான், கயாக் மெதுவாக ஏறி இறங்கும். கரைக்கு வரும்போதுதான் விஷயம் தெரியும்.

இப்படி நீண்ட இடைவெளியுள்ள ஸ்வெல், கோடையில் தெற்கிலிருந்து வரும். நியூசிலாந்துப் பக்கத்துக் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் அலை பசிபிக் முழுவதையும் கடந்து வரும் என்பதை 1963-இல் மங்க் குழுவினர் அலாஸ்கா வரை தொடர்ந்து அளந்து காட்டினார்கள். அதனால் காற்றே இல்லாத தெளிந்த காலையிலும் அது வரலாம். நம் ஊர் வாசகர்களுக்கு இது புதிதல்ல: தென் இந்தியப் பெருங்கடலிலிருந்து வந்து கேரள, குமரிக் கரைகளில் ஏறும் கள்ளக்கடலும் இதே வகைதான். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே வெளியாகியிருந்தது. வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எப்படிப் படிப்பது? நான் செய்தது எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் காலையில் மிதவை எண்களை எழுதுவேன்: ஸ்வெல் உயரம், விநாடி, திசை, காற்று, ஏற்றமா வற்றமா. அதற்குக் கீழே, ‘லவ்வர்ஸ் பாயின்ட் கரையில் அலை இப்படி இருக்கும்’ என்று, அங்குள்ள ஒரு கரையைப் பற்றி என் ஊகத்தை எழுதுவேன். பிறகு கயாக் இல்லாமல் போய் மேட்டில் நின்று பார்ப்பேன். இருபது நிமிடத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். பெரிய அலைகள் செட்டாக, அதாவது சில அலைகள் சேர்ந்த கூட்டமாக வரும்; இடைவெளி நீண்ட நாட்களில் இரண்டு செட்டுக்கு நடுவே கடல் பத்துப் பதினைந்து நிமிடம்கூட அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியில் வந்து பார்த்தவர் இறங்கிவிடுவார். மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். இப்போது அலை தொடாத இடத்தில் புதிய ஈரம் இருந்தால் சற்று முன்னே ஒரு செட் வந்து போயிருக்கிறது. ஊகமும் கண்ணில் பட்டதும் ஒத்துப்போகத் தொடங்கிய பிறகுதான் கயாக்கை வண்டியில் ஏற்றினேன்.

திசைக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மிதவை காட்டும் பாகை, அலை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. 290 பாகை என்றால் மேற்கு-வடமேற்கு. மான்டரே தீபகற்பம் அதைப் பெருமளவு மறைத்துவிடும், துறைமுகத் தடுப்புச் சுவர் அருகே உள்ள சான் கார்லோஸ் கரை அமைதியாக இருக்கும். 320 பாகை என்றால் விரிகுடாவுக்குள் நேராகவே நுழையும். பெபிள் பீச்சின் ஸ்டில்வாட்டர் கோவ் வடமேற்கு ஸ்வெல்லுக்கு நல்ல மறைப்பு, ஆனால் தெற்குக்குத் திறந்து கிடக்கிறது. ஆகவே ‘அது பாதுகாப்பான இடம்’ என்று யாராவது சொன்னால், எந்தத் திசைக்கு என்று கேளுங்கள். நீண்ட இடைவெளி ஸ்வெல் முனைகளைச் சுற்றி வளைந்தும் வரும் என்பதால், மறைவான இடம் என்ற நம்பிக்கை 15 விநாடிக்கு மேல் பாதிதான் செல்லும். கார்மெலுக்குத் தெற்கே உள்ள மானஸ்டரி கடற்கரையைப் பழகுபவர்கள் தவிர்த்தே விடலாம். செங்குத்தான மணல் சரிவு, கரையோரமே ஆழம்; பலர் மூழ்கி இறந்த இடம்.

மீன் பிடிக்கும்போது எனக்கு அதிகம் கவலை தருவது, தண்ணீருக்குள் மறைந்த பாறைகள். அலை உயரத்தைப் போல 1.3 மடங்கு அளவுக்கு ஆழம் குறைந்தால் அலை உடையும். 10 அடி ஆழத்தில் இருக்கும் பாறைத் தலையில் அரை மணி நேரமாக எதுவும் உடையாமல் இருக்கும், ஒரு பெரிய செட் வந்ததும் அங்கேயே வெள்ளையாக வெடிக்கும். கடல் வற்றும்போது நிலைமை இன்னும் மோசம். காலையில் தாண்டிப் போன பாறை மதியம் உடையும் பாறையாகிவிடும். நாம் தேடும் லிங்காட் என்ற பாறை மீன் இருப்பதும் அங்கேதான். அது கடித்ததும் பாறைப் பிளவுக்குள் போகப் பார்க்கும், நாம் இரண்டு கையாலும் தூண்டில் கோலைப் பிடித்து இழுப்போம், கயாக் எங்கே நகர்கிறது என்று கண் பார்க்காது. சவுண்டரில் (ஆழம் காட்டும் கருவி) 60 அடியாக இருந்தது 25 அடியாகியிருக்கும். அதனால் நான் கடல் பக்கம் முகம் வைத்தே தூண்டில் போடுவேன். சவுண்டரில் ஓர் ஆழ எல்லை வைத்து, அதைத் தொட்டால் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டுத் துடுப்பை எடுப்பேன். நல்ல மீனாக இருந்தாலும்தான்.

நாளைக்கு என்ன வரும் என்று பார்க்க, கரையிலிருந்து 350 கடல் மைலுக்கு அப்பால் உள்ள 46059 மிதவை உதவும். விநாடியை ஒன்றரையால் பெருக்கினால் ஸ்வெல் நகரும் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். 16 விநாடி என்றால் 24 நாட்; அங்கே பதிவான ஸ்வெல் ஏறத்தாழ 15 மணி நேரத்தில் இங்கே வந்துவிடும். காற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: கோடையில் மதியம் வடமேற்குக் காற்று எழும்பும், அதற்கு முன் கரையேறிவிடுங்கள்.

முதல் வருடத்துக்கு நான் சொல்லும் எல்லை இது: ஸ்வெல் 4 அடிக்குள், இடைவெளி 8 முதல் 12 விநாடி, காற்று 10 நாட்டுக்குள், இறங்குவது சான் கார்லோஸில். 14 விநாடிக்கு மேல் காட்டினால் 3 அடியாக இருந்தாலும் நோட்டோடு கரையில் நின்று பாருங்கள். எல்லைக்குள் வரும் முதல் நாளில் தூண்டிலைக் கொண்டுபோக வேண்டாம். உயிர்காப்பு அங்கியும் ட்ரைசூட்டும் (தண்ணீர் உள்ளே புகாத உடை) போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறிப் பழகுங்கள். தண்ணீர் 10 முதல் 14 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த ஒரு நிமிடம் கயாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, மூச்சு சீரானதும் ஏற வேண்டும்.